ஏர் என்றால் கலப்பை மட்டுமில்லை

போன மாதம் பேரன் கைபேசியில் எங்கள் நிலத்துச் சிட்டாவை இரண்டே நிமிடத்தில் எடுத்துக் காட்டினான். நான் வேலை பார்த்த காலத்தில் அதற்கு மூன்று நடை, ஒரு மனு, இரண்டு டீ ஆகும். "தாத்தா, 0 - 20.50-னு போட்டிருக்கே, அப்படின்னா என்ன?" என்றான். இருபதரை ஏர், அதாவது ஐம்பது சென்ட்டுக்குச் சற்று மேல் என்று சொன்னேன். "ஏர்னா கலப்பைதானே?" என்று கேட்டான் பாருங்கள், அங்கே பிடித்தது இந்தக் கட்டுரை.

ஏர் என்பது பிரெஞ்சுச் சொல். பத்து மீட்டருக்குப் பத்து மீட்டர், ஆக நூறு சதுர மீட்டர். நூறு ஏர் சேர்ந்தால் ஒரு ஹெக்டேர். பிரெஞ்சுப் புரட்சிக்குப் பின் 1795-இல் போட்ட ஒரு சட்டத்தில் மீட்டர், லிட்டர், கிராம் இவற்றோடு பிறந்த அளவு அது. அவர்கள் வாயில் அது 'ஆர்'. நம் ஊருக்கு ஆங்கிலம் வழியாக வந்ததால் 'ஏர்' ஆகி, உழவன் கலப்பையோடு போய் ஒட்டிக்கொண்டது. எனக்கு இது தெரியும் என்றால் காரணம் உண்டு. நான் பிறந்தது 1951-இல், புதுச்சேரியில். படித்ததெல்லாம் பிரெஞ்சு வழி. 'ஆன் ஆர், சான் மெத்ர் காரே' என்று வகுப்பில் கோரஸாகக் கத்திய குரல் இன்னும் காதில் இருக்கிறது. 1962 ஆகஸ்ட் 16-இல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது எனக்குப் பதினொரு வயது. அப்பா இறந்த பிறகு அம்மாவின் ஊரான சின்னமனூருக்கு வந்தோம். பிரெஞ்சுச் சான்றிதழை வைத்துக்கொண்டு இங்கே யாரிடம் போய் நிற்பது? மறுபடி எஸ்.எஸ்.எல்.சி. எழுதி, தேர்வாணையத் தேர்வும் எழுதி, 1974-இல் இளநிலை உதவியாளராகச் சேர்ந்தேன். பழைய மதுரை மாவட்டத்தின் மேற்குக் கோடியில் ஒரு தாலுகா அலுவலகம். பெயர் வேண்டாம். ஏன் என்பது பின்னால் தெரியும்.

அலுவலகத்தில் எங்களுக்கு வகுப்பு எடுத்தவர் யாருமில்லை. டாட்டன்ஹாம் என்ற வெள்ளைக்காரர் வகுத்த அலுவலக நடைமுறை நூல் ஒன்று பீரோவில் இருந்தது. அதை யாரும் படித்ததில்லை, ஆனால் எல்லோரும் அதன்படியே நடந்தார்கள். தன்பதிவேட்டில் எழுது, நடப்புத் தாளைக் கோப்பில் சேர், முடிந்ததும் கட்டு. எல்.டிஸ். என்றால் ஒரு வருடம், கே.டிஸ். மூன்று, டி.டிஸ். பத்து, ஆர்.டிஸ். என்றைக்கும். எந்தத் தாளுக்கு எத்தனை ஆயுள் என்பதைப் பக்கத்து மேசைக்காரர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். தலைமை எழுத்தர் திட்டித் தெரிந்துகொண்டது மிச்சம்.

நிலக் கணக்கைச் சொல்லிக் கொடுத்தவர் ஒரு கிராமக் கணக்குப்பிள்ளை, அதாவது கர்ணம். ஆறடி உயரம், காதில் கடுக்கன், கையில் எப்போதும் துணியில் சுற்றிய கணக்குக் கட்டு. அவர் அப்பா, தாத்தா எல்லோரும் அதே ஊருக்குக் கணக்கு எழுதியவர்கள். வருடா வருடம் ஜமாபந்திக்கு வரும்போது என் மேசைப் பக்கம் உட்கார்ந்துகொள்வார். ஜமாபந்தியைப் பார்க்காத இளைஞர்களுக்காக ஒரு வரி: பசலி ஆண்டு ஜூன் 30-இல் முடிகிறது; அதையொட்டி ஒவ்வொரு கிராமத்துக் கணக்கையும் தாலுகா அலுவலகத்துக்குக் கொண்டுவந்து, மேலதிகாரி முன்னிலையில் வரி வரியாகத் தணிக்கை செய்வார்கள். அரசுக்கு அது வரித் தீர்வு. எங்களுக்கு அதுதான் பள்ளிக்கூடம். நாற்பது, ஐம்பது ஊர்க் கணக்கர்கள் ஒரே வராந்தாவில். ஒருவர் ஊரில் வந்த சிக்கலுக்கு இன்னொருவர் ஊரில் போன வருடமே வழி கண்டிருப்பார். புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டே அதைச் சொல்வார்.

அந்த வராந்தாவில் நான் கற்ற முதல் பாடம், ஒரே நிலத்துக்கு இரண்டு கணக்கு என்பது. 'அ' பதிவேடு புல எண் வரிசையில் ஓடும். இந்த எண்ணில் எவ்வளவு நிலம், நஞ்சையா புஞ்சையா, யார் பட்டா என்று பார்க்கலாம். சிட்டா பட்டா எண் வரிசையில் ஓடும். இந்த ஆளுக்கு எந்தெந்தப் புலத்தில் எவ்வளவு என்று பார்க்கலாம். செய்தி ஒன்றுதான், அடுக்கிய விதம்தான் வேறு. கணக்குப்பிள்ளை சொன்னது இது: "தம்பி, நிலம் ஒண்ணு, கணக்கு ரெண்டு. ஒண்ணுல கை வச்சா அந்த மூச்சிலேயே இன்னொண்ணுலயும் வச்சிரு. நடுவுல தண்ணி குடிக்கக்கூட எந்திரிக்காத."

இந்தப் பள்ளத்தாக்கில் நிலக் கணக்கு புதிதல்ல. சின்னமனூர்ச் செப்பேடுகள் பத்தாம் நூற்றாண்டுப் பாண்டியன் மூன்றாம் இராசசிம்மன் காலத்தவை. மதுரையில் சங்கம் வைத்ததையும் பாரதத்தைத் தமிழ் செய்ததையும் சொல்கின்றன என்று இலக்கியக்காரர்கள் கொண்டாடுவார்கள். எனக்கென்னவோ அது அடிப்படையில் ஒரு நிலப் பத்திரம்தான்! புகழ்மொழியெல்லாம் முன்னுரை. அந்தக் காலத்தில் தானமாகக் கொடுத்த நிலத்தின் எல்லையைப் பெண் யானையை நடத்திக் காட்டிச் செப்பேட்டில் வெட்டினார்கள். சோழர் ஆட்சியில் வரிப்பொத்தகம் என்றே ஓர் அதிகாரி இருந்தார். 1895-இல் பெரியாற்று அணை வந்து, பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோகம் ஆனபிறகு, இங்கே ஒரு சென்ட் என்பது ஒரு குடும்பத்தின் சோறு. வாய்க்கால் ஓரத்து ஒன்றரை அடிக்குக் கொலை விழுந்த ஊர்களை நான் அறிவேன்.

1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு ஓர் அவசரச் சட்டத்தால் பகுதிநேரக் கிராம அதிகாரிகள் பதவிகளையெல்லாம் ஒரே நாளில் ஒழித்தது. கணக்குப்பிள்ளை, மணியகாரர் எல்லோரும் வீட்டுக்குப் போனார்கள். தேர்வாணையம் மூலம் முழுநேரக் கிராம நிர்வாக அலுவலர்கள் வந்தார்கள். உச்ச நீதிமன்றம் வரை வழக்குப் போய், 1982-இல் சட்டம் செல்லும் என்று தீர்ப்பானது. நான் இன்றும் சொல்வேன், அது சரியான முடிவு. பரம்பரையாகப் பதவி தருவது அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று அதற்கு இருபது வருடம் முன்பே நீதிமன்றம் சொல்லியாகிவிட்டது. ஊரில் யாருக்குச் சிட்டா நகல் கிடைக்கும், யார் திண்ணைக்குக் கீழே நிற்க வேண்டும் என்பதெல்லாம் ஒரு வீட்டுக்காரர் கையில் இருக்கக் கூடாது. ஆனால் பதவியோடு சேர்ந்து வேறொன்றும் வீட்டுக்குப் போனது. புத்தகத்தில் இல்லாத கணக்கு. 'இந்தப் புலத்தில் வடக்கு வரப்பு இரண்டு தரம் நகர்ந்தது', 'இந்தப் பட்டாதாரருக்கு இரண்டு பெயர்' என்கிற வகை. புதிதாக வந்த பையன்கள் பட்டதாரிகள், நல்லவர்கள். அவர்கள் கைக்குக் கிடைத்தது நைந்த பதிவேடுகள் மட்டுமே.

அதே சமயத்தில்தான் யு.டி.ஆர். என்று நாங்கள் சொல்லும் நில உடைமைப் பதிவு மேம்பாட்டுப் பணியும் நடந்தது. 1979-இல் தொடங்கி 1987 வரை. ஊர் ஊராகப் போய் யார் அனுபவத்தில் எந்த நிலம் என்று பார்த்து, பட்டாவைப் புதிதாக எழுதினார்கள். கூடவே ஏக்கர், சென்ட் எல்லாம் ஹெக்டேர், ஏர் ஆக மாறின. கணக்கு தெரியாத பழைய ஆட்கள் போய், ஊர் தெரியாத புதிய ஆட்கள் வந்து, அளவும் மாறியது. மூன்றும் ஒன்றாக. இன்றைக்கும் 'யு.டி.ஆர். பிழை' என்று மனு போடுகிறவர்கள் இருக்கிறார்கள் என்றால் ஆச்சரியமென்ன?

பிரெஞ்சு படித்தவன் என்று என்னைக் கிண்டல் செய்த அலுவலகத்தில் முதன்முதலாக எனக்கு மரியாதை கிடைத்தது அப்போதுதான். ஏரும் ஹெக்டேரும் எனக்குத் தாய்ப்பால் மாதிரி. ஒரு சென்ட் 40.47 சதுர மீட்டர், ஆக 0.4047 ஏர். ஒன்று முதல் நூறு சென்ட் வரை, அரை ஏருக்குத் திருத்தி, ஒரு அட்டவணை எழுதினேன். சைக்ளோஸ்டைல் எடுத்து, வந்த புதிய வி.ஏ.ஓ.க்களுக்கெல்லாம் கொடுத்தேன். சாயங்காலம் ஆறு மணிக்குமேல் அலுவலகத்துக்கு எதிரே டீக்கடை பெஞ்சில் பாடம். நான் ஏர் சொல்லிக் கொடுப்பேன். சர்வேயர் ஒருவர் புலப்படம் படிக்கச் சொல்லிக் கொடுப்பார். பையன்கள் அன்றைக்கு ஊரில் மாட்டிக்கொண்ட கதையைச் சொல்வார்கள். நான் ஒரு நாற்பது பக்க நோட்டில் கேள்வியையும் பதிலையும் எழுதி வைத்தேன். அது கை மாறிக் கை மாறி எங்கோ போய், ஆறு மாதம் கழித்து அட்டை கிழிந்து, வேறு மூன்று பேரின் கையெழுத்தில் கூடுதல் குறிப்புகளோடு திரும்பி வந்தது. அரசாங்கம் எனக்குக் கொடுத்த எந்தப் பாராட்டுக் கடிதத்தையும்விட அந்த நோட்டு எனக்குப் பெரிது.

இனி சொல்லப் போவது பெருமையான விஷயம் அல்ல.

எண்பதுகளின் நடுவில் ஒரு பட்டா மாறுதல். அண்ணன் தம்பி இருவர் பேரில் முப்பத்து மூன்று ஏர் நஞ்சை. அண்ணன் இறந்துவிட்டார். அவர் பங்கு பதினாறரை ஏரை உட்பிரிவு செய்து, விதவை பேருக்குப் புதுப் பட்டா. உத்தரவு வந்தாயிற்று. தாலுகா நகலில் திருத்த வேண்டியது நான். 'அ' பதிவேட்டில் உட்பிரிவை எழுதினேன். சிட்டாவில் தம்பியின் பட்டாவில் பதினாறரையைக் குறைத்தேன். அந்தம்மா பேருக்குப் புதுப் பக்கம் எழுத வேண்டும். அப்போது பார்த்து உள்ளேயிருந்து மணி அடித்தது. ஜமாபந்தி நேரம். எழுந்து போனேன். திரும்பி வந்தபோது மேசையில் வேறு கட்டு.

மூன்று வருடம் கழித்து, முதல் போகத்துக்கு ஜூனில் தண்ணீர் திறக்கிற சமயம், அந்தம்மா சங்கத்துக்குப் பயிர்க்கடனுக்குப் போனார். சிட்டாவில் அவர் பேரே இல்லை. கடன் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். தோட்டை அடகு வைத்து நாற்று நட்டார். பிறகு பழைய கணக்குப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். கணக்குப்பிள்ளைக்கு அப்போது பதவியுமில்லை, நாற்காலியுமில்லை. வராந்தாவில் நின்றார். நான்தான் உள்ளே கூப்பிட்டேன்.

அவர் அந்தப் புலத்தைப் பார்க்கவே இல்லை. "ஊர்க் கூட்டைப் பாருங்க தம்பி" என்றார். 'அ' பதிவேட்டில் பட்டா நிலம் மொத்தம் ஒரு தொகை, சிட்டாவில் மொத்தம் ஒரு தொகை. இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். சிட்டாவில் குறைந்தது. எவ்வளவு? மிகச் சரியாகப் பதினாறரை ஏர். பக்கத்தைத் திருப்பினால் என் கையெழுத்து. என் சுருக்கொப்பம். அவர் என்னைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. "என்னங்கய்யா, கெடைச்சிருச்சா?" என்று அந்தம்மா கேட்டார். "கெடைச்சிருச்சும்மா" என்றேன். திருத்தத்துக்கான குறிப்பில் 'எழுத்துப் பிழை' என்று எழுதினேன். யாருடைய எழுத்து என்று எழுதவில்லை. அந்த அம்மாவிடமும் சொல்லவில்லை. தோட்டை அவர் மீட்டாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

கணினி எங்கள் பக்கம் வந்தது தேனி மாவட்டம் பிரிந்த பிறகு. மத்திய அரசு 1988-89-இலேயே எட்டு மாநிலங்களில் மாநிலத்துக்கு ஒரு மாவட்டம் எடுத்து, நிலப் பதிவுகளைக் கணினியில் ஏற்றிப் பார்த்தது. அந்த எட்டில் தமிழ்நாடு இல்லை. கர்நாடகத்தில் 'பூமி' திட்டம் 2000 வாக்கில் பெயர் வாங்கியது. நமக்குத் தேசியத் தகவலியல் மையம் 'தமிழ் நிலம்' மென்பொருளைச் செய்து கொடுத்தது. குளிர்சாதனம் வைத்த ஒரே அறை கணினி அறைதான் என்பதால் எல்லோருக்கும் அங்கே ஏதாவது வேலை இருந்துகொண்டே இருந்தது.

அங்கே பதிவு வேலைக்கு வந்த ஒரு பெண்ணிடம்தான் ஐம்பது வயதில் நான் மறுபடி மாணவன் ஆனேன். "சார், நீங்க ரெண்டு புஸ்தகம்னு சொல்றீங்க, இதுல டேபிள் ஒண்ணுதான் சார். புல எண்ணால கேட்டா 'அ' பதிவேடு, பட்டா எண்ணால கேட்டா சிட்டா" என்றது. நான் அரை மணி நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தேன்.

பிறகு தெரிந்துகொண்டேன். இதை முதலில் சொன்னவர் எட்கர் காட் என்ற ஆங்கிலேயக் கணித அறிஞர். ஐ.பி.எம். நிறுவனத்தில் இருந்தார். 1970-இல் ஒரு கட்டுரை எழுதினார். ஒரு செய்தியை ஓர் இடத்தில் மட்டும் வை. எந்த வரிசையில் வேண்டுமோ அந்த வரிசையில் கேட்டு வாங்கிக்கொள். அது உள்ளே எப்படி அடுக்கப்பட்டிருக்கிறது என்பது கேட்கிறவனுக்குத் தெரிய வேண்டியதில்லை. இன்று வங்கி, ரயில், ஆதார் எல்லாம் ஓடுவது இந்த எண்ணத்தின் மேல்தான். அதற்குள் 'டிரான்சாக்‌ஷன்' என்று ஒன்று உண்டு. ஒரு வேலை நாலு படி என்றால், நாலும் நடக்க வேண்டும், இல்லையென்றால் ஒன்றுமே நடக்காதது போல் பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும். பாதியில் நிற்கவே கூடாது. அந்தப் பெண் இதை விளக்கிக்கொண்டிருந்தபோது எனக்குக் கேட்டது கடுக்கன் போட்டவரின் குரல்: நடுவுல தண்ணி குடிக்கக்கூட எந்திரிக்காத.

பிரெஞ்சில் கணினிக்கு 'ஒர்தினாத்தர்' என்று பெயர். 1955-இல் ஐ.பி.எம். கேட்டுக்கொண்டதன்பேரில் ஜாக் பெரே என்ற பேராசிரியர் சிபாரிசு செய்த சொல். ஒழுங்குபடுத்துபவன் என்று பொருள்; உலகை ஒழுங்கு செய்யும் கடவுளுக்குச் சமயநூலார் வைத்திருந்த சொல். ஆங்கிலமும் தமிழும் கணக்குப் போடுவதைப் பார்த்தன, பிரெஞ்சு அடுக்கி வைப்பதைப் பார்த்தது. பதிவறைக் குமாஸ்தா என்ற முறையில் என் ஓட்டு பிரெஞ்சுக்குத்தான்.

கணினி வந்ததும் பிழை போய்விடவில்லை, வேறு உருவம் எடுத்தது. கருப்பாயி, கறுப்பாயி, கருப்பாயம்மாள் மூன்றும் நமக்கு ஒரே பாட்டி. கணினிக்கு மூன்று பேர். தமிழ் எழுத்துருவே அப்போது ஒருமாதிரியாக இல்லை. 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்இணையம் மாநாட்டுக்குப் பிறகு அரசு 'தமிழ்99' விசைப்பலகையையும் டாம், டாப் என்ற குறியீடுகளையும் அறிவித்தது. நாங்கள் வானவில்லில் அடித்துக்கொண்டிருந்தோம். ஒருங்குறிக்கு அரசாணை வந்தது 2010-இல். நான் ஓய்வு பெற்று ஒரு வருடம் கழித்து! இடையில் ஒரு எழுத்துருவில் அடித்ததை இன்னொன்றில் திறந்தால் சமணர் காலக் கல்வெட்டு மாதிரி இருக்கும். அந்தப் பெண்ணும் பக்கத்துத் தாலுகாக்களில் அதே வேலை பார்த்தவர்களும் மதியச் சாப்பாட்டு நேரத்தில் தொலைபேசியில் ஒருவருக்கொருவர் வழி சொல்லிக்கொள்வார்கள். நோட்டு வைத்திருக்கிறாயா என்று கேட்டேன். வைத்திருந்தது. நாற்பது பக்கம்.

ஓய்வுக்குப் பிறகு முழுதாகப் புரிந்துகொள்ள ஆசை. ஆங்கிலம் எனக்கு மூன்றாம் மொழி, கணினி ஆங்கிலம் நாலாவது. அப்போதுதான் து.நித்யா எழுதிய 'எளிய தமிழில் MySQL' கிடைத்தது. ஆங்கில எழுத்து மன்னிக்க, நான் மைஎஸ்கியூஎல் என்றே எழுதுகிறேன். 2012-இல் தொடங்கிய 'கணியம்' இதழைச் சேர்ந்தவர்கள் இப்படிப் பல நூல்களைத் தமிழில் எழுதி, யார் வேண்டுமானாலும் படி எடுக்கலாம், பகிரலாம் என்று இலவசமாகக் கொடுத்திருக்கிறார்கள். சென்னையில் லினக்ஸ் ஆர்வலர்கள் மாதம் ஒருமுறை கூடித் தெரிந்ததைச் சொல்லி, தெரியாததைக் கேட்டுப் பழகிய பழக்கத்தின் தொடர்ச்சி அது. டீக்கடை பெஞ்சின் பெரிய அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த மைஎஸ்கியூஎல்லில் வரும் 'மை' என்பது அதைச் செய்த பின்லாந்துக்காரர் விடேனியஸின் மகள் பெயராம். பட்டாவில் மகள் பேரைச் சேர்க்கத் தயங்குகிற நம் அப்பாக்களுக்கு இதைச் சொல்ல வேண்டும்.

அந்தப் புத்தகத்தை வைத்துக்கொண்டு பேரனின் பழைய மடிக்கணினியில் ஒரு கற்பனைக் கிராமத்தை உண்டாக்கினேன். இருபது புலம், பன்னிரண்டு பட்டா. 'ஃபாரின் கீ' என்று ஒன்று; பட்டாப் பட்டியலில் இல்லாத எண்ணைப் புலத்தில் எழுதப் போனால் கணினி மறுத்துவிடும். முப்பத்து மூன்று ஏரைப் பிரித்து, பாதியில் வேண்டுமென்றே மின்சாரத்தை நிறுத்தினேன். மறுபடி போட்டுப் பார்த்தேன். முப்பத்து மூன்று ஏரும் பழையபடி அப்படியே இருந்தது. இரண்டு மூன்று தரம் செய்து பார்த்தேன். வீட்டில் "என்ன, திரும்பத் திரும்ப ஸ்விட்சை அணைச்சுப் போடுறீங்க?" என்று சத்தம் போட்டார்கள்.

மூன்று வருடம் முன்பு உறவுக்காரர் ஒருவருக்கு வாரிசுச் சான்று விஷயமாக ஒரு வி.ஏ.ஓ. அலுவலகம் போயிருந்தேன். தம்பி வயதில் பாதி கூட இருக்காது. மேசைக் கண்ணாடிக்கு அடியில் ஒரு தாள். நகலின் நகலின் நகல், எழுத்தெல்லாம் கரையான் அரித்த மாதிரி. சென்ட்டுக்கு ஏர், ஒன்று முதல் நூறு வரை. என் கையெழுத்து. "இது எங்கேருந்து வந்துச்சு தம்பி?" என்றேன். "முன்னாடி இருந்தவர் வச்சிட்டுப் போனது சார், அவருக்கு அவருக்கு முன்னாடி இருந்தவர் குடுத்தாராம்" என்றார்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வரி வரியாகப் பார்த்தேன். எழுபத்து மூன்று சென்ட்டுக்கு நேரே நான் 25.9 என்று எழுதியிருந்தேன். இருபத்தொன்பதரை வர வேண்டும். எண் மாறிப் போயிருக்கிறது. நாற்பது வருடமாக எனக்குத் தெரியாது. அந்த வரியை அடித்து, மேலே 29.5 என்று யாரோ சிவப்பு மையில் எழுதியிருந்தார்கள். பக்கத்தில் சுருக்கொப்பமும் இருந்தது. அது யாருடையது என்று அந்தத் தம்பிக்கும் தெரியவில்லை.